வருகையின் நோக்கம்

அமிர்தி சோதனைச் சாவடியில் ஒரு நீள நோட்டு.
பெயர், ஊர், வண்டி எண், எத்தனை பேர்.
கடைசிக் கட்டத்தில்: வருகையின் நோக்கம்.
முதல்முறை 'அருவி' என்று எழுதினேன்.
கோதண்டம் எட்டிப் பார்த்தார்.
"தண்ணி இல்லமா. இப்பவே சொல்லிட்டேன்.
அப்பால சண்டைக்கு வரக்கூடாது."
சொல்லிக்கொண்டே சீட்டைக் கிழித்தார்.

அது சித்திரை.
ரத்த வங்கியில் இரவுப்பணி எனக்கு.
விடுப்பு எந்தக் கிழமை என்று
சுவரில் ஒட்டிய தாள்தான் சொல்லும்.
மழை பார்த்து, பூப் பார்த்து
மலைக்கு வருகிற ஆளில்லை நான்.
விட்டால் வருவேன், அவ்வளவுதான்.

ஆற்றில் நீரில்லை மலையில் மரமில்லை என்று
எங்கள் ஊருக்கு ஒரு சொலவடை உண்டு.
வெளியூரிலிருந்து வரும் ஒவ்வொருவரும்
தாமே கண்டுபிடித்ததுபோல அதைச் சொல்வார்கள்.
சத்துவாச்சாரி மொட்டைமாடியில் நின்றால்
மறுக்கவும் முடியாது:
வெந்த பாறை, அதன்மேல் ஒரு செல்போன் கோபுரம்.
கணியம்பாடி தாண்டி ஸ்கூட்டர் திரும்பிய பிறகே
வாயில் பதில் ஊறும்.

அருவி விழவேண்டிய இடத்தில் அன்று ஒரு கறை.
உள்ளங்கை அகல ஈரம்.
முப்பது நாற்பது மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள்
ரேஷன் வரிசைபோல நெருக்கியடித்துக் குடித்தன.
நீர் இருந்தால் என் தலைக்குமேல் இருக்கும்.
அந்தக் குழியின் அடியில் உட்கார்ந்து
ஆரஞ்சு மிட்டாய் தின்றேன்.
எத்தனையோ மழை இழைத்த வழவழப்பு
முதுகுக்குச் சரியாக இருந்தது.
மணலில் ஒரு குழந்தைக் கொலுசு.
கோதண்டம் அதைச் சாவடி ஆணியில் மாட்டினார்.
"போன ஐப்பசில வுட்டிருப்பாங்க. வருவாங்க."

அடுத்தடுத்து 'சும்மா' என்று எழுதிவந்தேன்.
"சும்மான்னு போடாதீங்கமா, ரேஞ்சர் திட்றாரு."
அன்றிலிருந்து என் வரியை அவரே எழுதினார்.

புரட்டாசியில் ஜபீனும் வந்தாள்.
பேரணாம்பட்டில் தோல் மண்டிக்குப் பின்சந்து அவள் வீடு.
நோக்கம் என்ற இடத்தில் 'மூக்கு' என்று எழுதினாள்.
கோதண்டம் அடிக்கவில்லை.
வெப்பாலைக்கும் மூங்கிலுக்கும் நடுவில் நின்று
சுண்ணாம்பும் உப்பும் தோலும் இல்லாத காற்றை
கடனுக்கு வாங்குபவள்போல
கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள்.
பிறகு காட்டுச் சீத்தாப்பழம் ஐந்து தின்று
கொட்டைகளைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள்.
எதற்கென்று கேட்டதற்கு
"சந்துல துப்புறதுக்கு" என்றாள்.

மார்கழியில் முயலைப் பார்த்தேன். முயல் என்னைப் பார்க்கவில்லை.

பங்குனியில் கதவு சாத்தியிருந்தது.
முகட்டில் ஜரிகை தைத்ததுபோலத் தீ.
புளியங்கிளையோடு இறங்கி வந்த கோதண்டத்துக்கு
ஒரு பக்கப் புருவம் இல்லை.
என்னிடம் இருந்த இரண்டு பாட்டில் தண்ணீரை
அவரும் கூட வந்த மலைக்காரப் பையனும் குடித்தார்கள்.
யாரும் நோட்டைத் திறக்கவில்லை.

இன்று ஐப்பசி.
ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை.
மறுபடி கதவு சாத்தியிருக்கிறது.
"வெள்ளம்மா. உள்ள வுடமாட்டேன்."
"நான் கேக்கலையே."
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் ஸ்டூலைத் தள்ளிவிட்டார்.
என் பிளாஸ்கில் டீ, அவர் டப்பாவில் சாமைச்சோறு.
பழக்கத்தில் நோட்டை விரித்து
சலோமி, சத்துவாச்சாரி என்று எழுதி
நோக்கத்தில் 'மேற்படி' என்று போட்டார்.
மேலே பார்த்தேன். பால் வேன் ஒன்று.
பக்கங்களைப் பின்னால் புரட்டினேன்.
என் வரி ஒவ்வொன்றிலும் மேற்படி, மேற்படி,
மழையில் மை ஊறிய மேற்படி,
'சும்மா'க்கள் மேல் ரேஞ்சரின் சிவப்புக் கோடு,
அதற்கும் பின்னால், சித்திரையில், என் கையெழுத்தில்
'அருவி'.

உள்ளே, மரங்களுக்கு அந்தப் பக்கம்,
அது விழுந்துகொண்டிருந்தது.
ஆணியில் கொலுசு ஆடியது.
அந்தச் சத்தத்தில் அது கேட்கவில்லை.